கடதாசிக் கலியாணங்களும் கையெழுத்துப் போட்ட நானும்

கலியாணம் எழுதுகிறவனுக்குப் பந்தியில் முதல் இலை போடுவார்கள். அந்தக் கலியாணம் சரிவராமல் போனால் திட்டிலும் முதல் பங்கு அவனுக்குத்தான்.

எழுபத்தொன்பது தொடக்கம் பத்து வருடம் நான் கிளிநொச்சிக்குக் கிட்ட வட்டக்கச்சிப் பக்கத்தில் விவாகப் பதிவுகாரனாக இருந்தேன். குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த வயல்தான் எங்கள் சீவியம். பதிவு வேலை ஒரு கௌரவத்துக்கு. படலையில் பெயர்ப்பலகை, விறாந்தையில் ஒரு மேசை, நாலு கதிரை, அலுமாரிக்குள் அரசாங்கம் தந்த தடித்த புத்தகம். எங்கள் பக்கத்தில் இந்தப் பதிவை 'எழுத்து' என்போம். கோயிலில் தாலி கட்டினால் ஊர் ஒப்புக்கொள்ளும். எழுத்து எழுதினால்தான் அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊர் ஒப்புக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படாமல், ஏதாவது ஒரு நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டால் போதும் என்று சிலர் வரத் தொடங்கினார்கள். உங்களில் ஆராயாமல் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் பார்த்த எல்லாருக்கும் என் நிலைமை விளங்கும். நான் பட்ட பாட்டையும் மற்றவர்களைப் படுத்திய பாட்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அண்ணனின் முழுப்பேர்

எண்பத்து நாலின் தொடக்கத்தில் ஒரு காலை, எங்கள் வாய்க்காலுக்கு அங்கால் வீட்டு ரவீந்திரன் ஒரு பெண்ணோடு வந்தான். பெண் தர்மபுரத்தைச் சேர்ந்த செல்வமணி. தகப்பன் முத்தையா, எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். அவரும் கூட வந்திருந்தார். யாழ்ப்பாணத்து வெள்ளாளக் குடும்பத்துப் பெடியன் ஒருவன், சாதி சமூகம் பாராமல், மலையகத்துக் கூலிக்காரரின் மகளைக் கட்டுகிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்னறிவித்தல் கொடுத்த நாளிலிருந்தே நான் ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன்.

சமுதாயம் மாறுகிறது என்றேன். காதல் மதிலைத் தாண்டும் என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். கண்களில் நீர் நின்றது. பிறகு, சட்டப்படி பதிவுகாரன் வாசிக்கவேண்டிய பந்தியை வாசித்தேன். இந்தக் கலியாணத்தை நீதிமன்றம்தான் அறுக்கலாம், அதற்கு முன் வேறு கலியாணம் செய்தால் குற்றம் என்கிற பந்தி அது. அதை எப்போதும் ஐயர் மந்திரம் சொல்கிற வேகத்தில் வாசித்து முடிப்பேன். கையெழுத்து முடிந்ததும் ரவீந்திரன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். புதுப்பெண் மட்டும் மேசையருகில் தயங்கி நின்றாள். என்ன பிள்ளை என்று கேட்டேன்.

"ஐயா, அந்த அண்ணனோட முழுப்பேரு என்னான்னு ஒரு துண்டுல எழுதித் தாங்க. மனுவுல எழுதணுமாம்."

போக ஒரு கடதாசி, இருக்க ஒரு கடதாசி

விஷயத்தை இரண்டு கிழமை கழித்து என் மனைவி புவனம்தான் சங்கக்கடை வரிசையில் நின்று அறிந்து வந்தாள். ரவீந்திரன் வெளிநாடு போக விசாவுக்குப் போட்டிருந்தான். ஊரில் மனைவியை விட்டுவிட்டுப் போகிறவன் கட்டாயம் திரும்பி வருவான் என்று தூதரகம் நம்புமாம். தனிக்கட்டைக்கு விசா கிடையாதாம். அவனை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தது. முத்தையா குடும்பத்துக்கு வேறு பயம். அவர்களிடம் இருந்தது இந்தியப் பாஸ்போட். தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று மகள் தினமும் அழுதிருக்கிறாள். இந்த நாட்டுப் பிரசை ஒருவரைக் கட்டினால் இங்கேயே இருக்க மனுப் போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் போவதற்காகக் கட்டினான்; அவள் இருப்பதற்காகக் கட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரே எழுத்துப் போதுமாக இருந்தது.

அவன் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருடத்துக்குள் சண்டை காரணமாகக் கப்பலும் ஓடாமல் நின்றுவிட்டது. அவள் பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. என் பேச்சு வீணாகிப் போனதே என்பதுதான் கவலை. அவ்வளவு உருக்கமாகப் பேசினேனே, இரண்டு பேரும் கண் கலங்கினார்களே என்று புவனத்திடம் முறையிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சுளகை நிறுத்தவில்லை.

"சிரிப்பை அடக்கினாலும் கண்ணிலை தண்ணி வரும்."

நேர்முகப் பரீட்சை

அதற்குப் பிறகாவது நான் உசாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கடதாசிக் கலியாணம் என்றால் வட்டக்கச்சிப் பதிவுகாரர் கேள்வி கேட்கமாட்டார் என்று பெயர் பரவியது. அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ள ஒருவரும் முல்லைத்தீவுப் பெண் ஒருத்தியும் என்னிடம் எழுத்து எழுதிவிட்டு, அடுத்த மாதம் திரும்பவும் வந்தார்கள். தூதரகத்தில் இருவரையும் வேறு வேறு அறையில் வைத்துக் கேள்வி கேட்பார்களாம். ஒருக்கால் பழக்கிவிடுங்கோ என்றார்கள். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் கொழும்பில் சித்தியடைந்தார்கள். ஆனால் அந்த நாட்டில் அதிகாரிகள் சொல்லாமல் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார்களாம். ஆம்பிளை உடுப்பு மட்டும்தான் கிடந்தது. அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மேல் வழக்கு வைத்தார்கள்.

அன்றைக்கு அது தெரியாமல் நான் தூதரக அதிகாரி மாதிரிக் கதிரையில் சாய்ந்திருந்து கேள்வி கேட்டேன். அவர் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுவார், அவளுடைய பிறந்த நாள் எது, போன ஞாயிறு மத்தியானம் என்ன கறி? இருவரும் திருக்குறள் ஒப்புவிக்கிற மாதிரி ஒப்புவித்தார்கள். உண்மையான புருசன் பெண்சாதிக்கு இதெல்லாம் பாடமாக்கத் தேவையில்லை என்று நான் சொல்ல, அப்படியென்றால் நீங்கள் ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ என்றார் அவர். புவனத்தைக் குசினிக்குள் இருக்கச் சொல்லிவிட்டு அவர் என்னைக் கேட்டார். அவளுக்கும் என்னைப் போலத்தான் இரண்டு கரண்டி சீனி என்றேன். பிறந்தது மாசியில் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்க் கறி என்றேன். புவனம் வந்து திருத்தினாள்: கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடிக்கிறாள், பிறந்தது ஆவணியில், ஞாயிறு அவள் விரதம், ஒன்றும் சாப்பிடவில்லை.

"உங்களை நம்பி நான் இந்தா கிடக்கிற ஆனையிறவுகூடத் தாண்டேலாது."

நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

எனக்குச் சின்ன வயதில் கணக்குப் படிப்பித்த வாத்தியார் ஒருவர் ஒருநாள் வந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம் எழுதி ஒரு மாதம்தான். மாப்பிள்ளை எழுத்து முடிந்து வெளிநாடு போய்விட்டார். புதுக் கலியாணம் என்றால் சந்தேகப்படுகிறார்கள், திகதியை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளி எழுதித் தாரும் என்றார். அவர் முன்னால் கதிரையில் இருக்கவே எனக்குக் கூச்சம். எழும்பி நின்றுகொண்டு மறுத்தேன். நேர்மையால் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், புத்தகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் இலக்கம் அச்சடித்திருந்தது. போன வருடத்தில் நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்திரண்டு. நடுவில் செருக இடமில்லை. அதோடு ஒரு பிரதி கச்சேரிக்கு, அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, போய்விட்டது. இதை அவருக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இலக்கங்களைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

"நாப்பத்தொண்டுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நடுவிலை ஒண்டும் இல்லை எண்டு நான்தானே உமக்குப் படிப்பிச்சனான். என்ர பிழை."

தாய்மாமன்

என் பலவீனம் காசில்லை, படம். படம் எடுக்கிறார்கள் என்றால் வயலில் நின்றாலும் வேட்டி மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். தூதரகங்கள் கலியாணப் படமும் கேட்கத் தொடங்கியபோது, என் வீட்டு விறாந்தையே கலியாண மண்டபமானது. புவனத்தின் கூறைச்சேலை, ஒரு பிளாஸ்டிக் மாலைச் சோடி, கிளிநொச்சிப் படக்காரர். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் கலியாணம் மாதிரி இருக்கும் என்று படக்காரர் சொல்ல, நான் பட்டுச் சால்வையோடு போய் நின்றேன். பெண்ணின் தாய்மாமன் என்று படத்தின் பின்புறம் எழுதினார்கள். அந்த வருடத்தில் மூன்று சோடிக்கு இப்படி நின்றேன்.

மூன்று சோடியின் கடதாசியும் ஒரே தூதரகத்துக்கு, ஒரே அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கின்றன. அவர் மூன்று படத்தையும் வரிசையாக அடுக்கி வைத்தாராம். ஒரே சேலை, ஒரே மாலை, ஒரே மாமன். போதாததற்குப் பின்சுவரில் கலண்டர். நான் தாள் கிழிக்கச் சோம்பேறி. மூன்று கலியாணமும் கலண்டரின்படி ஒரே நாளில் நடந்திருந்தது. மூன்று சோடியையும் மறுத்து, இனி எந்தக் காலத்திலும் விண்ணப்பிக்க முடியாதபடி பாஸ்போட்டில் அடையாளம் வைத்துவிட்டார்கள். அதில் ஒரு பெண்ணின் தம்பியும் தாயும் உண்மையாகவே அந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களிடம் போகும் வழியும் அவளுக்கு அடைபட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. அவளுடைய கடதாசி மாப்பிள்ளை கொழும்பிலிருந்து நேரே என் படலைக்கு வந்து, அந்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனான்.

"அடுத்த முறை மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவருக்கு மொத்தம் எத்தினை மருமக்கள் எண்டு கேக்கவேணும்."

ஜீப்பில் வந்தவர்

தூதரகம் அரசாங்கத்துக்கு எழுதியிருக்கவேண்டும். கச்சேரியிலிருந்து மேலதிகாரி ஜீப்பில் வந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முன்னறிவித்தல், சாட்சிகள், கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. பொய் என்று தெரிந்துகொண்டு பதிந்தால் பதிவுகாரனுக்கும் சிறை மறியல்தான் என்று சட்டப் பிரிவை வாசித்துக் காட்டினார். தெரியாது ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுத்தில் ஒரு கண்டனம் தந்துவிட்டு, ஜீப்பில் ஏறமுன் சொன்னார்.

"புத்தகத்திலை பிழை இல்லை, பதிவுகாரர். எழுதின ஆளிலைதான் பிழை."

செல்வமணி திரும்பி வந்தாள்

எண்பத்தாறில் செல்வமணி வந்தாள். இந்த முறை கூட வந்தவன் சிவலிங்கம், தர்மபுரத்தில் ட்ரக்டர் ஓட்டுகிறவன். ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் எந்தத் தூதரகத்துக்கும் சந்தேகம் வராது. முன்னறிவித்தல் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். முன்னர் விவாகமானவரா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்றாள். அதுதான் கடதாசிக்கு எழுதினது என்றும் சொன்னாள். நான் பேனையை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, என் கையாலேயே எழுதிய பக்கத்தைக் காட்டினேன்.

சட்டப்படி அவள் ரவீந்திரனின் பெண்சாதி. இன்னொருவரை எழுதினால் இருமணக் குற்றம், மறியல். கூடவே வந்திருந்த முத்தையா, எழுத்து வேண்டாம், கோயிலில் தாலி கட்டி வாழட்டும் என்றார். வாழலாம், ஆனால் பிள்ளை பிறந்தால் சட்டப்படி தகப்பன் ரவீந்திரன்தான் என்று நான் சொன்னபோது சிவலிங்கம் எழும்பி விறாந்தைக்கு வெளியே போய் நின்றான். இதெல்லாம் பொய்க் கலியாணம் என்று எழுதிக்கொடுத்துவிட முடியாதா என்று அவள் கேட்டாள். எழுதலாம். ஆனால் அவள் இந்த நாட்டில் இருக்கப் போட்ட மனு, கணவனின் பேரில்தான் கச்சேரியில் கிடக்கிறது. கலியாணம் பொய்யென்றால் மனுவும் பொய். அவள் அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தை விரலால் தொட்டபடி இருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வேகமா ஒன்னு படிச்சீங்களே ஐயா, இதெல்லாம் அதுலயா இருந்துச்சு?"

கறையான்

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ரவீந்திரனின் தாயிடம் விலாசம் வாங்கி அவனுக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அவனுக்கும் கழுத்தில் கயிறு. அங்கே ஒரு பெண்ணை விரும்பிக் கட்டப் போயிருக்கிறான். விசாப் படிவத்தில் நீ விவாகமானவன் என்று எழுதியிருக்கிறாயே என்று மறித்துவிட்டார்கள். கலியாணம் உண்மையென்றால் இன்னொன்று கட்டமுடியாது. பொய்யென்றால் பொய் சொல்லி வந்ததற்கு நாடுகடத்துவார்கள். நீங்கள்தான் வழி செய்யவேணும் என்று நாலு பக்கம் கெஞ்சியிருந்தான். கடைசியில் தானே ஒரு வழியும் சொல்லியிருந்தான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று அதைப் பற்றி யோசித்தேன். கச்சேரியில் பிரதி இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"மாமா, ஒரு பக்கம்தானே, கறையான் அரிச்சுப்போட்டுது எண்டு சொல்லிக் கிழிச்சு விடுங்கோ."

சட்டத்தரணி அம்மா

செல்வமணியையும் முத்தையாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். கண்டிப்பான மனுசி. அவா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடதாசிக் கலியாணம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது, எழுத்து எழுதினால் கலியாணம்தான் என்றா. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்றாலும் நீதிமன்றம் அறுக்காது, காரணம் வேண்டும். கைவிட்டுப் போய்விட்டார் என்றுதான் கேட்கலாம்; அப்படி அறுத்தால் கலியாணம் பொய்யாகாது, மனுவும் பொய்யாகாது. எதிர்த்து வாதாட வரமாட்டேன், திரும்பியும் வரமாட்டேன் என்று அவன் எழுதி அனுப்பினால் உதவும். பொய் சொல்லச் சொல்லமாட்டேன் பிள்ளை, கேட்டதற்கு மட்டும் உள்ளதைச் சொல்லு என்று செல்வமணிக்குப் புத்தி சொன்னா. நான் மெல்ல, நானும் நீதிமன்றத்துக்கு வரவேண்டுமா என்று கேட்டேன். அவா கண்ணாடியைக் கழற்றினா.

"கட்டாயம் வாங்கோ. பேச்சு ஒண்டும் தயாரிக்காமல் வாங்கோ."

நீதிபதி கேட்டது

வழக்கு இலேசில் எடுபடவில்லை. ஒருமுறை பாதை பூட்டு, ஒருமுறை ஊரடங்கு, பிறகு இந்திய ஆமி வந்த காலம். போனால் நீதிமன்றம் திறக்கவில்லை என்று திரும்பி வருவோம். சிவலிங்கத்துக்கு வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தவணைக்குத் தவணை எங்களோடு பஸ்ஸில் வந்து நீதிமன்ற வாசல் வேம்புக்குக் கீழ் நின்றான். எண்பத்தொன்பதில்தான் விசாரணை நடந்தது. என்னைக் கூண்டில் ஏற்றி, இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததை நீர் கண்டீரா என்று நீதிபதி கேட்டார். எழுத்து எழுதிய அன்றைக்கு மட்டும்தான் ஒன்றாகக் கண்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பிறகு செல்வமணி. அவள் வெள்ளைச் சேலையில், கைகளைக் கூண்டுக் கம்பியில் வைத்து நிமிர்ந்து நின்றாள். வழக்கை வென்று கொடுத்தது சட்டத்தரணி அம்மாவின் வாதமும் இல்லை, ரவீந்திரனின் கடிதமும் இல்லை, அவள் சொன்ன ஒரு பதில்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். புருசன் உன்னை எப்போது விட்டுவிட்டுப் போனார் என்று நீதிபதி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"விட்டுட்டுப் போறதுக்கு அவரு ஒரு நாளும் வரவே இல்லீங்களே, ஐயா."

தர்மபுரத்துச் சாப்பாடு

தீர்ப்பு முடிந்த முடிவாக இன்னும் மூன்று மாதம் எடுத்தது. அதற்குள் நான் புத்தகத்தையும் பேனையையும் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டேன். இனி இந்த வேலை வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. செல்வமணிக்கும் சிவலிங்கத்துக்கும் கிளிநொச்சிப் பதிவுகாரர் எழுத்து எழுதினார். தர்மபுரத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். எனக்கு அழைப்பு வந்தபோது போக முகமில்லை. புவனம்தான் இழுத்துக்கொண்டு போனாள். பந்தலில் கடைசி மர வாங்கில் ஒதுங்கி இருந்தேன். படக்காரர் வந்து பெரியவர்கள் எல்லாரும் வாங்கோ என்று கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தரமாக எழும்பாமல் இருந்துவிட்டேன். முத்தையா பார்த்துவிட்டார். வந்து என் கையைப் பிடித்து எழுப்பி, பந்தியில் தனக்குப் பக்கத்தில் இருத்தி, இலையைத் தானே துடைத்துப் போட்டார்.

"முடிச்சுப் போட்டதும் நீங்கதான், அவுக்க அலைஞ்சதும் நீங்கதான் ஐயா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

ஒரு கலியாணத்தை எழுதக் கால் மணித்தியாலம் போதும் என்று பத்து வருடம் பெருமையடித்தவன், அதை அழிக்க மூன்று வருடம் வவுனியா பஸ்ஸுக்குக் காத்து நின்றுதான், அரசாங்கம் தருகிற மை எவ்வளவு தரமான மை என்று அறிந்துகொண்டேன்.